பெரியப்பா பார்த்த இங்கிலீஷ் படம்

எங்கள் குடும்பத்தில் ஒருவர் அமெரிக்க சினிமாவின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. அவர் எழுதிக்கொண்டிருந்த காலத்திலும் யாரும் நம்பவில்லை. அவர் என் அப்பாவின் அண்ணன். கேரளத்துக்குள் எல்லையோரம் இருக்கும் பாறசாலையில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஓர் ஓட்டுக் கட்டிடத்தில் உட்கார்ந்து ஆதாரம் எழுதுவது அவருக்குத் தொழில். நிலம் கைமாறும்போது எழுதுகிற பத்திரத்துக்கு எங்கள் பக்கத்தில் ஆதாரம் என்று பெயர். ஆதாரங்களை மலையாளத்தில் எழுதினார். வரலாற்றைத் தமிழில் எழுதினார். தொழிலுக்கு ஒரு மொழியும் ஆசைக்கு ஒரு மொழியுமாக வைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது என்பது அவருடைய எண்ணம்.

ஆனால் தொந்தரவு செய்தது. இருபது வருடம் ஆதாரம் எழுதிய கை, வேறு எதை எழுதினாலும் ஆதாரமாகத்தான் எழுதியது. நீளமான கோடில்லாத தாளில், கறுப்பு மையில், அவர் எழுதியிருந்த முதல் பக்கம் எனக்கு இன்னும் மனப்பாடம்:

“அமெரிக்க சினிமாவானது முதலில் கிழக்குக் கரையில் அஞ்சு சென்ட் கொட்டகைகளில் குடியிருந்து வந்தது. அங்கே பனியும் மழையும், கருவிக்கு உரிமை கொண்டாடியவர்களின் வழக்குத் தொல்லையும் சகிக்க மாட்டாமல் மேற்கே குடிபெயர்ந்தது. மேற்படி புதிய இடத்துக்கு நான்கெல்லை: மேற்கே பெருங்கடல், கிழக்கே பாலைவனம், வடக்கே மலை, தெற்கே ஆரஞ்சுத் தோட்டம். இந்நான்கெல்லைக்கு உட்பட்ட வெயில் முழுவதும் சினிமாவுக்குப் பாத்தியப்பட்டது.”

இந்த ஆசை அவருக்குப் பள்ளிக்கூடத்தில் பிடித்ததாம். அமெரிக்காவிலிருந்து பால்பொடி வந்த காலத்தில் கூடவே ஒரு வேனும் வந்து, மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டியிருக்கிறார்கள். பேசாத படம். ஒரு தடித்த போலீஸ்காரர் ஏணியில் ஏறுவதும் விழுவதுமாக இருந்தார். பால்பொடியைக் குடித்த எல்லாருக்கும் அது செரித்துவிட்டது. பெரியப்பாவுக்கு மட்டும் அந்தப் போலீஸ்காரர் செரிக்கவே இல்லை. வாசகசாலையில் இருந்த இரண்டு மலையாளப் புத்தகங்களையும், திருவனந்தபுரத்தில் பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கிய இங்கிலீஷ் பத்திரிகைகளையும் வைத்துக்கொண்டு அவர் வரலாற்றைத் தொடங்கினார். எழுதியதைச் சாயங்காலம் வாசித்துக் காட்டுவார். பெரியம்மா உடனே கொடியில் காயும் துணியை எடுக்கப் போய்விடுவாள். அவருடைய ஒரே மகளான அக்கா சிரித்துக்கொண்டே காய் நறுக்குவாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். படம் பேசத் தொடங்கியபோது குரல் நன்றாயில்லாத நடிகர்கள் வேலையிழந்த அத்தியாயத்தில் பெரியப்பாவின் குரலும் கம்மிப்போகும். தெரிந்தவர்கள் யாருக்கோ வேலை போனதுபோல எனக்கும் வருத்தமாக இருக்கும்.

படங்களைப் பார்ப்பதற்கு அவருக்கு ஒரு வழிதான் இருந்தது. நெய்யாற்றின்கரைக்குப் போகிற வழியில் ஒரு பழைய தியேட்டர். அங்கே பகல் பதினொன்றரை மணிக்கு மட்டும் இங்கிலீஷ் படம் போடுவார்கள். அதற்கு நூன்ஷோ என்று பெயர். அந்தச் சொல்லைச் சொல்லும்போது பெரியவர்களின் குரல் ஏன் தாழ்ந்தது என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. நூன்ஷோவுக்குப் போகிறவர்கள் ஒரு நிறுத்தம் முன்பே பஸ்ஸிலிருந்து இறங்கி, வேறெங்கோ போகிறவர்கள்போல நடந்து, கடைசி நிமிடத்தில் உள்ளே நுழைந்துவிடுவார்கள். பெரியப்பா தியேட்டர் வாசலிலேயே இறங்குவார். வெள்ளை வேட்டி, குடை, சட்டைப்பையில் குறிப்பெழுதப் பென்சில். தெரிந்தவர் யாராவது எதிரே வந்து எங்கே என்று கேட்டால், “படத்துக்காக்கும்” என்று சத்தமாகச் சொல்வார். கேட்டவர்தான் வெட்கப்பட்டுக்கொண்டு போவார்.

அந்தத் தியேட்டரின் முதலாளி, எங்கோ கிடங்குகளில் கிடந்த பழைய இங்கிலீஷ் படப்பெட்டிகளை மொத்தமாக எடுத்து வருவாராம். உள்ளே என்ன படம் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. வெளியே ஒட்டுவதற்கு அவரிடம் மூன்று போஸ்டர்கள் இருந்தன. எந்தப் படம் ஓடினாலும் அந்த மூன்றில் ஒன்றுதான். போஸ்டரைப் பார்த்து வந்தவர்கள், உள்ளே ஐம்பது வருடத்துக்கு முந்தைய குதிரைப் படத்தைக் கண்டு கூக்குரல் போடுவார்கள். பெரியப்பாவோ குதிரையைப் பார்க்கத்தான் போகிறார். நல்ல பழைய படம் வந்தால் ஆப்பரேட்டர் அவருக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுவார்.

நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது எனக்கு ஒரு கடைவாய்ப் பல் சொத்தையாகிவிட்டது. அப்பாவுக்கு லீவு கிடைக்காததால் பெரியப்பாதான் என்னை நெய்யாற்றின்கரைக்கு டாக்டரிடம் கூட்டிப்போனார். ஊசி போட்டார்கள். பாதி முகம் என்னுடையதில்லை என்பதுபோல ஆயிற்று. பல்லைப் பிடுங்கி, பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லி அனுப்பினார்கள். வெளியே வந்ததும் பெரியப்பா வாட்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மக்கா, ஒரு ரெண்டு மணிக்கூர் அனங்காம இருந்தா ரத்தம் நிக்கும்னு டாக்டர் பறஞ்சாரு. பாறசாலை வர பஸ்ஸில குலுங்கிப் போறது நல்லதில்ல, கேட்டியா?”

டாக்டர் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனால் வாயில் பஞ்சு இருந்தது. தலையாட்டினேன்.

“வழியில ஒரு குதிரைப் படம் உண்டு. அனங்காம இருந்து பாக்கலாம்.”

தியேட்டர் வாசலில் இருந்த போஸ்டரில் ஒரு பெண் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். குதிரை எதையும் காணவில்லை. மூலையில் ஒரு வட்டத்துக்குள் A என்று போட்டிருந்தது. நான் A முதல் Z வரை தப்பில்லாமல் எழுதக் கூடியவள். ஆகவே இங்கிலீஷ் படம் பார்க்க எனக்குத் தகுதி உண்டு என்று முடிவுசெய்தேன். ஆனால் பெரியப்பா என்னை ஹாலுக்குள் கூட்டிப்போகவில்லை. பக்கவாட்டில் இருந்த இரும்புப் படியில் ஏறி, மெஷின் இருக்கிற அறைக்குப் போனார். ஆப்பரேட்டர் என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

“ஓய், என்ன காரியமாக்கும் செய்யுதீரு? கொச்சுக்குட்டியையா கூட்டிட்டு வாறது?”

“கீழ வேண்டாம். ஒமக்க முறியில இருக்கட்டும். மெஷினப் பாக்கட்டும். படம் நல்ல படம்னு நீர்தானே பறஞ்சீரு?”

“படம் சுத்தம்தான். ஒரு கிழட்டுக் குதிரை, ஒரு ஆளு. பேருக்கு ஒரு பெண்ணு வருவா, அவளும் தொண்ட வர பட்டன் போட்டவ. அதாக்கும் எனக்குப் பயம். இன்னைக்கு ஆட்களு கசேரிய ஒடப்பானுவ.”

பெரியப்பா கீழே போய்விட்டார். ஆப்பரேட்டர் என்னை ஒரு ஸ்டூலில் ஏற்றிச் சுவரிலிருந்த சதுர ஓட்டை வழியாகப் பார்க்கச் சொன்னார். மெஷின் இரைந்துகொண்டு ஓடியது. தூரத்தில் திரையில் மணல், மணல், மணல். நடுவில் ஒரு மனிதர் குதிரையை ஓட்டாமல், அதன் கூடவே நடந்து வந்துகொண்டிருந்தார். அவர் தொப்பியில் தண்ணீரை ஊற்றி, தான் குடிக்காமல் குதிரைக்குக் கொடுத்தார். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. கீழே இருந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை.

“எலே, குதிரய மாத்துலே!” என்று ஒருவர் கத்தினார்.

“பெட்டி மாறிப்போச்சு டே! மிருகாஸ்பத்திரிக்குக் கொடுத்து விடுங்கடே!” என்று இன்னொருவர்.

விசில் பறந்தது. நாற்காலிகளைத் தட்டினார்கள். அரைமணி நேரம் இப்படிப் போனது. அப்புறம் படம் அறுந்து திரை வெள்ளையாகி, ஹாலில் விளக்குகள் எரிந்தன. எனக்கு நேர் கீழே, கடைசி வரிசையில் ஒருவர் தலையில் துண்டைப் பெண்கள் முக்காடு போடுவதுபோலப் போட்டு உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் திடீரென்று வந்ததில் அவர் பதறி எழ, துண்டு நழுவி விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர், எங்கள் ஓட்டையைப் பார்த்து நிமிர்ந்தார். தலைமுடி மைபோலக் கறுப்பு. மீசை மட்டும் பஞ்சுபோல வெள்ளை. யாரோ ஒருவருடைய தலையை இன்னொருவருடைய மீசையோடு ஒட்டவைத்ததுபோல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் பஞ்சு விழுந்துவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

ஆப்பரேட்டர் அறுந்த இடத்தை ஒட்டிக்கொண்டிருந்தார். கீழே ஆட்கள் முதலாளியைத் திட்டிக்கொண்டு எழுந்து போனார்கள். ஊசியின் மயக்கமும் அந்த அறையின் சூடும் சேர்ந்து என் கண்ணைச் செருகின. ஒரு பெஞ்சில் சுருண்டேன். அடுத்து எனக்குத் தெரிந்தது பெரியப்பா என் தோளைத் தொட்டு எழுப்பியதுதான். அவர் கண்கள் சிவந்திருந்தன.

“குதிர எங்க?” என்று பஞ்சோடு கேட்டேன்.

“செத்துப்போச்சு மக்கா. ஆனா நல்ல சாவு” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் எங்கே போனோம் என்பதை அவரே சொல்லிவிட்டார். பெரியம்மா இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. பல் பிடுங்கிய பிள்ளையை இவ்வளவு நேரம் காக்க வைத்ததற்காக என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இதற்குப் பிறகுதான் அக்காவுக்கு அம்பூரியிலிருந்து கல்யாண ஆலோசனை வந்தது. ரப்பர்த் தோட்டம் உள்ள குடும்பம். மாப்பிள்ளைக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியின் சோதனைக்கூடத்தில் வேலை. முதலில் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை அக்காவிடம் இரண்டே கேள்விதான் கேட்டார் என்றும், இரண்டுக்கும் பதில் அவருக்கே தெரியும் என்றும் அக்கா என்னிடம் சொன்னாள். அந்த வாரம் முழுக்க அவள் காய் நறுக்கும்போது பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடுவாள் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேதி குறிக்க அந்த வீட்டு ஆண்கள் நான்கைந்து பேர் ஜீப்பில் வந்தார்கள். பெரியப்பா முற்றத்தில் இறங்கிப்போய், முதலில் இறங்கியவரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். அவர்தான் மாப்பிள்ளையின் அப்பா. அவரை ஜன்னல் வழியாகப் பார்த்ததும் நான் குதித்தேன். கறுப்பு முடி, வெள்ளை மீசை. இவர் நமக்குத் தெரிந்த ஆள் என்று யாரிடமாவது சொல்ல வாய் துடித்தது. ஆனால் அம்மாவும் பெரியம்மாவும் அடுக்களையில் பறந்துகொண்டிருந்தார்கள். என்னை அக்காவோடு உள்ளறையில் போட்டு, வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நானும் அக்காவும் கதவிடுக்கு வழியாகக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

பலகாரம் சாப்பிட்டு, சாயா வந்தபிறகு, மாப்பிள்ளையின் தாய்மாமன் தொண்டையைச் செருமினார். பஞ்சாயத்துத் தேர்தலில் நின்று தோற்றவர் அவர். அதனால் உட்கார்ந்திருக்கும்போதும் மேடையில் நிற்பதுபோலப் பேசுவார்.

“ஒரு காரியம் கேக்கணும். தப்பா நினைக்காண்டாம். பிற்பாடு கேக்கதவிட முந்தியே கேக்கது நல்லதுல்லா?”

“கேளுங்க” என்றார் பெரியப்பா.

“நீங்க நூன்ஷோவுக்குப் போவுதீயன்னு நாலு பேரு சொல்லுதாவ. பெண்ணுக்க அப்பா இப்பிடின்னு கேட்டா எங்களுக்கு அது ஒரு கொறச்சில்தானே? உள்ளதா, ஆளுவ சும்ம சொல்லுததா?”

என் அப்பா நடுவே புகுந்து, “அது பண்டு எப்பளோ...” என்று தொடங்கினார்.

“பண்டு இல்ல, போன மாசமும் போனேன்” என்றார் பெரியப்பா. “உள்ளதாக்கும். மறைக்கதுக்கு ஒண்ணுமில்ல.”

பெரியப்பா எழுந்துபோய் அலமாரியிலிருந்து வரலாற்றை எடுத்துவந்தார். அதைச் சின்ன மேஜையில் சாயா டம்ளர்களுக்கு நடுவே வைத்து விளக்கத் தொடங்கினார். தான் பார்ப்பது பழைய அமெரிக்கப் படங்கள் என்றார். போஸ்டருக்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை என்றார். இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பெரியப்பா எதையும் ஆதாரத்தோடு சொல்லிப் பழகியவர்.

“அந்தக் காலத்தில அங்க ஒரு சட்டம் உண்டும். படம் எடுக்கவங்களே போட்ட சட்டம். அதுப்படி படத்தில புருஷனும் பெஞ்சாதியும்கூட ஒரே கட்டில்ல கிடக்கப்பிடாது. ரெண்டு கட்டில் தனித்தனியாட்டு போடணும். அவ்வளவு மரியாதைப்பட்ட படங்களாக்கும்.”

அடுக்களையில் ஒரு பாத்திரம் விழுந்தது.

தாய்மாமன் முகம் சிவந்துவிட்டது. “ஓய், நல்ல காரியம் பேசுத எடத்தில, பொம்பளைய காதில விழ, கட்டில் காரியமா பேசுதீரு?”

“அதில்ல, நான் சொல்லுதது...”

“போதும். எழுதி வேற வச்சிருக்கீரு!”

தாளைத் தொடக்கூட அவர் தயாராக இல்லை. ஒரு விரலால் அதைத் தள்ளினார். மேலே இருந்த சில தாள்கள் தரையில் சரிந்தன. பெரியப்பா குனிந்து அவற்றைப் பொறுக்கினார். யாரும் கூடக் குனியவில்லை. மாப்பிள்ளையின் அப்பா டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்திருந்த அக்காவை அண்ணாந்து பார்த்தேன். அவள் அழவில்லை. உதட்டை மட்டும் உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். இனி இந்த வீட்டில் பாட்டு இருக்காது என்று எனக்குத் தோன்றியது.

எனக்குப் பெரியப்பாவைக் காப்பாற்ற ஒரு வழி தெரியும். அந்த வழி எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. இதை ஏன் யாரும் பார்க்கவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது. அக்காவின் கையை உதறிவிட்டுக் கூடத்துக்குள் போனேன்.

“பெரியப்பா பொய் சொல்லல்ல. நானும் போனேன். குதிரைப் படம்தான். இந்த மாமாட்ட வேணும்னா கேளுங்க. இவரும் அங்க உண்டும். கடைசி வரிசையில தலையில துண்டு போட்டிட்டு இருந்தாரு.”

நான் சுட்டிக்காட்டிய விரல் இன்னும் எனக்குத் தெரிகிறது. மாப்பிள்ளையின் அப்பா டம்ளரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தாய்மாமன் அவரைத் திரும்பிப் பார்த்தார். இப்போது எல்லாம் சரியாகிவிடும், மாமா சிரித்துக்கொண்டே ஆமாம் என்பார், பெரியப்பா என்னைத் தூக்கிக்கொள்வார் என்று நான் காத்திருந்தேன்.

“எட்டீ!” என்றார் பெரியப்பா.

பிறந்ததிலிருந்து அவர் என்னை மக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். எட்டீ என்று கூப்பிட்டதே இல்லை.

“பெரியவங்களக் குறிச்சு வாயில வந்தத பறயப்பிடாது. அன்னைக்கு ஒனக்குப் பல்லு பிடுங்க ஊசி போட்டிருந்து. மயக்கத்தில கிடந்து ஒறங்கின. சொப்பனம் கண்டத எல்லாம் வந்து சொல்லுதியா?” பிறகு கூடத்தைப் பார்த்துச் சொன்னார்: “தெற்றிப்போச்சு. இவரை நான் இன்னைக்காக்கும் முதல்ல காணுதது. அங்க இருந்தது வேற யாரோ. பிள்ளையக் கூட்டிட்டுப் போனது என் தெற்று. மாமாட்ட மன்னிப்புக் கேளு.”

“நான் ஒறங்கினது பெறவாக்கும். முன்ன...”

“மன்னிப்புக் கேளு.”

கேட்டேன். யாரிடம் கேட்டேன், என்ன சொன்னேன் என்று தெரியாது. பின்வாசல் வழியாக ஓடி மரச்சீனித் தோட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். உயரமாக வளர்ந்த மரவள்ளிக்குள் உட்கார்ந்தால் வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. அங்கே உட்கார்ந்து, பொய்க்காரி, பொய்க்காரி என்று எனக்கு நானே சொல்லி அழுதேன். உண்மையைச் சொன்னதற்காகத் திட்டு வாங்குவது என்பது அதுவரை எனக்கு நடக்காத ஒன்று. அதையும் பெரியப்பாவிடமிருந்து. அவருக்காகச் சொன்னதற்கு.

அதன்பிறகு கூடத்தில் நடந்தது அம்மா சொல்லித்தான் தெரியும். மாப்பிள்ளையின் அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முதல்முறையாக வாயைத் திறந்தாராம். “குட்டியல்லவா, விடுங்க. பெண்ண எங்களுக்குப் பிடிச்சிருக்கு. தேதியப் பாப்போம்” என்றாராம். தாய்மாமன் மட்டும் விடவில்லை. இனி அந்தப் பக்கம் போவதில்லை என்று பெண்ணின் அப்பா ஒரு வார்த்தை சொன்னால்தான் ஆயிற்று என்று பிடித்துக்கொண்டார். பெரியப்பா கொஞ்ச நேரம் தாள்களை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தாராம். பிறகு, “செரி. இனி அந்தத் தியேட்டர் படி ஏறமாட்டேன்” என்றாராம்.

கல்யாணம் முடியும்வரை நான் பெரியப்பாவோடு பேசவில்லை. அவர் பேசிப் பார்த்தார். அறுந்துபோன படச்சுருளின் ஒரு துண்டை ஆப்பரேட்டரிடம் சொல்லியனுப்பி வாங்கி, என் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டுப் போனார். வெயிலில் பிடித்துப் பார்த்தால் நகத்தளவில் ஒரே குதிரை கட்டத்துக்குக் கட்டம் வரிசையாக நின்றது. பார்த்துவிட்டு, பார்க்காததுபோல வைத்துக்கொண்டேன். நீ சொன்னது உண்மைதான் என்று அவர் ஒருமுறை சொல்லியிருந்தால் போதும். எனக்கு வேறொன்றும் வேண்டாம். அவர் சொல்லவே இல்லை.

கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா, பாயசத் தூக்கை விளம்புகிறவரிடமிருந்து வாங்கி, என் இலையில் அவரே ஊற்றினார். திரும்பவும் வந்து இன்னொரு கரண்டி ஊற்றினார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாயசத்தை மட்டும் மிச்சம் வைக்கவில்லை.

பெரியப்பா வாக்குத் தவறவில்லை. வரலாறு, படங்களுக்கு நிறம் வந்த இடத்தில் நின்றுபோயிற்று. நூன்ஷோ நேரத்தில் அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் பார்ப்பார். ஒரு வருடம் போனது. அம்பூரி வீட்டில் ஒரு டி.வி.யும் வீடியோ டெக்கும் வாங்கினார்கள். அதற்குப்பிறகு இரண்டாம் சனிக்கிழமைதோறும் பெரியப்பாவுக்கு மகள் நினைவு வந்துவிடும். காலையிலேயே குளித்து, குடையை எடுத்துக்கொண்டு, மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிடுவார். “பெத்த மனசு” என்று ஊரே மெச்சியது. ஒருமுறை நானும் கூடப் போனேன். அக்கா எங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, முன்னறைக் கதவைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டினாள். உள்ளே சம்பந்திகள் இருவரும் கால்களை நீட்டி, நடுவில் வறுத்த பலாக்கொட்டையை வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில் யாரோ துப்பாக்கியோடு கதவுக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா மடியில் தாள் இருந்தது. வரலாறு மறுபடியும் நகரத் தொடங்கியிருந்தது. தியேட்டர் படிதான் ஏறமாட்டேன் என்றாரே தவிர, படம் பார்க்கமாட்டேன் என்று சொல்லவில்லை. எழுதும் வாசகத்தில் இடம் விட்டு எழுதுவது அவர் தொழில்.

பெரியப்பா போய் ஏழு வருடம் ஆகிறது. சென்ற மாதம் அக்காவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அம்பூரிக்குப் போயிருந்தேன். அக்காவின் மாமனாருக்கு இப்போது தலையும் மீசையும் ஒரே வெள்ளை. கூட்டம் குறைந்தபின் என்னை அழைத்துப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“மக்ளே, அன்னைக்கு நீ சொன்னது உள்ளதாக்கும்” என்றார்.

“தெரியும் மாமா.”

“ஒனக்குத் தெரிஞ்சது பாதி. நீ ஒறங்கிப்போன. படம் அறுந்ததும் ஆளுவ எல்லாம் எழும்பிப் போனாவ. நானும் போவலாம்னு எழும்பினேன். அப்பம் நடுவில ஒரு ஆளு மட்டும் தனியா இருந்து கண்ணத் தொடைக்காரு. இதில அழுவதுக்கு என்ன இருக்குன்னு, போய் அவரு பக்கத்து சீட்டில இருந்தேன். அந்தக் குதிர விழுந்து, மறுபடி எழும்பி, மறுபடி விழுந்து... எனக்கும் கண்ணு நெறஞ்சு போச்சு. ரப்பர் ஷீட்டு விக்க வந்தவன், எதுக்கு உள்ள நுழஞ்சேன்னு ஒனக்கிட்ட சொல்ல வேண்டாம். அங்க இருந்து ஒரு குதிரைக்காக அழுதேன். லைட்டு போட்டப்ப அவரு கைலேஞ்சிய எடுத்து எனக்குத் தந்தாரு. ரெண்டு பேரும் வெளிய நின்னு சாயா குடிச்சோம். பேரு கேக்கல்ல. ஆரு என்னன்னு அவரு கேக்கல்ல. அவரு போன பெறவு ஆப்பரேட்டர்ட்ட நான் கேட்டேன். ஒரு மவ உண்டும்னு சொன்னாரு. மிருகத்துக்கு இப்பிடி அழுதவரு மவள எப்பிடி வளத்திருப்பாருன்னு நினைச்சேன். பிற்றே நாளு புரோக்கர விட்டேன்.”

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அந்த நான்தான் அன்னைக்கு அவருக்க வீட்டுக் கூடத்தில, எனக்க மச்சினன் அவர கேவலம் பேசப்பம் டம்ளரப் பாத்திட்டு இருந்தேன். நானும் போனேன்னு ஒரு வார்த்தை வரல்ல. நீ சொன்ன. ஒன்ன பொய்க்காரி ஆக்கினோம்.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே யாரோ அக்காவைப் பாடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மரச்சீனித் தோட்டத்தில் உட்கார்ந்து அழுத அந்தப் பிள்ளைக்கு, பெரியப்பா அந்த மனிதரைத் தியேட்டரில் பார்த்திருக்க மாட்டார் என்ற நினைப்பு. பார்த்திருந்தால் அவரே சொல்லியிருப்பாரே என்று அது நம்பியது. அவர் முற்றத்தில் இறங்கிப்போய் அந்தக் கையைப் பிடித்தபோதே அடையாளம் கண்டிருக்கிறார். தாள்களைப் பொறுக்கக் குனிந்தபோதும், மகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தபோதும், சொல்லக் கூடாது என்று இருந்திருக்கிறார். நானோ, அந்தக் கூடத்தில் உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.